பில்டிங்குக்கு ஒரே ஃபைபர், ராத்திரி 9 மணிக்கு ரெண்டு விதமான இன்டர்நெட்: ஒரு பெங்களூர் பிராட்பேண்ட் ரிவ்யூ

கேஆர் புரம், ராமமூர்த்தி நகர், ஹொரமாவு பக்கம் வாடகைக்கு வீடு பாக்கறவங்களுக்காக இத எழுதறேன். வீடு காட்ட வர்றவர்கிட்ட தண்ணி காவேரியா போர்வெல்லானு கேட்டா பதில் சொல்லுவார், பவர் பேக்கப் கேட்டா லிஃப்டுக்கு மட்டுமா வீட்டுக்கும் சேத்தானு விவரமா சொல்லுவார், நெட் எப்படினு கேட்டா மட்டும் "ஃபைபர் இருக்கு மேடம், சூப்பர் ஸ்பீடு" அவ்ளோதான். எந்த ஃபைபர், எத்தன கம்பெனி வயர் உள்ள வந்திருக்குன்னு கேளுங்க. எங்க பில்டிங்ல ஒண்ணே ஒண்ணுதான். புடிச்சாலும் அதுதான், புடிக்கலன்னாலும் அதுதான்.

கம்பெனி பேர போடல. டிவில விளம்பரம் வர்ற கம்பெனி இல்ல, ஏரியா கம்பெனி, இந்த மாதிரி பெங்களூர்ல தெருவுக்கு ஒண்ணு இருக்கு, நான் சொல்லப்போற விஷயம் அதுல பாதிக்கு மேல அப்படியே பொருந்தும்னுதான் நெனைக்கறேன். பிளான் 200 எம்பிபிஎஸ், மாசம் ஆயிரம் ரூபாய்க்கு உள்ள, மேல 18% ஜிஎஸ்டி. "அன்லிமிடெட்"னு போட்டு பக்கத்துல ஒரு ஸ்டாரும் போட்டிருப்பாங்க, ஸ்டாருக்கு அர்த்தம் 3300 ஜிபி. அது தீந்தா 2 எம்பிபிஎஸ். குடும்பமா உக்காந்து பாத்தாலும் 3300 தீக்கறது கஷ்டம், அதனால அதுல எனக்கு கம்ப்ளெயின்ட் இல்ல. அந்த 2 எம்பிபிஎஸ்னு ஏன் சரியா நிறுத்தறாங்கன்னா, 2023 ஜனவரில இருந்து கவர்மென்ட் கணக்குல பிராட்பேண்ட்னு பேர் வெக்கணும்னா மினிமம் அதுதான். அதுக்கு முன்ன 512 கேபிபிஎஸ்ஸயே பிராட்பேண்ட்னு சொல்லிட்டு இருந்தோம், நெனச்சா சிரிப்புதான் வருது.

முதல்ல நல்லத சொல்லிடறேன். இன்ஸ்டலேஷன் சுத்தமான வேலை. வந்த தம்பி கோலார் தங்கவயல்காரர், தெனம் பங்காருபேட்டை பக்கமிருந்து ட்ரெயின் புடிச்சு கேஆர் புரத்துல எறங்கி பைக்ல சுத்தறவர், என் தமிழ கேட்டதும் முகமே மாறிடுச்சு, "அக்கா எந்த ஊரு"ன்னு ஆரம்பிச்சு பேச்சோட பேச்சா வயர கதவு ஓரமா ஒட்டி, ஃபைபர ஸ்ப்ளைஸ் பண்ணி, வைஃபை டப்பாவ ஹால்ல மாட்டாம வீட்டு நடுவுல மாட்டினா ரெண்டு ரூமுக்கும் சிக்னல் வரும்னு அவரே சொல்லி மாட்டிட்டு போனார். பெரிய கம்பெனில இருந்து வர்றவங்க பாதி பேர் வாசல் பக்கத்துல ஒரு ஆணிய அடிச்சு தொங்க விட்டுட்டு ஓடிபி கேப்பாங்க. இவர் அப்படி இல்ல. சர்வீஸ்க்கு தனியா மார்க் போட்டா அந்த தம்பிக்கு அஞ்சுக்கு அஞ்சு.

மழை வந்தா கட் ஆகும், அத எதிர்பாத்துக்கோங்க. நம்ம ஊர்ல கேபிள் பூமிக்குள்ள போகுதுனு பேப்பர்லதான் இருக்கு, நெஜத்துல மரத்துல இருந்து மரத்துக்கு, லைட் கம்பத்துல இருந்து கம்பத்துக்கு தோரணம் மாதிரி தொங்குது. கிளை விழுந்தாலும் போச்சு, மாநகராட்சி வந்து வெட்டினாலும் போச்சு, குழாய் போட ரோட்ட தோண்டினாலும் போச்சு. ஆனா சரி பண்ண வேகமா வர்றாங்க, இதுலயும் குறை சொல்ல மாட்டேன்.

என் குறை வேற. ராத்திரி 9 மணிக்குதான் அது ஆரம்பிக்கும்.

ஹால்ல அத்தை யூடியூப்ல சீரியல் போட்டிருப்பாங்க. 4கே குவாலிட்டி, நடிகை கண்ணு மையில இருக்கற பிசிறு கூட தெரியும், வட்டம் சுத்தறதுன்னா என்னன்னே அவங்களுக்கு தெரியாது. அதே நேரத்துல உள்ள ரூம்ல என் பொண்ணுக்கு பாட்டு க்ளாஸ். டீச்சர் கும்பகோணத்துல இருக்காங்க, ஒரு சின்ன கம்பெனியோட வீடியோ க்ளாஸ் சைட்ல எடுக்கறாங்க, சங்கீதத்துக்கு சத்தம் கெடாம வருதுன்னு அதத்தான் எல்லாரையும் யூஸ் பண்ண சொல்றாங்க. இங்க ஜண்ட வரிசை பாடறப்ப டீச்சர் வாய் அசையுது சத்தம் வரல, அப்புறம் சத்தம் வருது வாய் அசையல, தாளம் எங்கயோ போகுது, பொண்ணு அழ ஆரம்பிச்சுடுவா. நான் ஆபீஸ் வேலைக்கு எதாவது கிட்ல (Git, எங்க கோடு வெக்கற இடம்) இருந்து இறக்கலாம்னு பாத்தா அதுவும் தவழுது. ஒரே வீடு, ஒரே வைஃபை, ஒரே டப்பா. அத்தைக்கு ஒரு இன்டர்நெட் எங்களுக்கு வேற இன்டர்நெட்.

கஸ்டமர் கேர்ல சொன்னா முதல் பதில் "ஸ்பீட் டெஸ்ட் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க". போட்டா அழகா 200 காட்டும். ஏன் காட்டாது, டெஸ்ட் சர்வரே அவங்க நெட்வொர்க்குக்கு உள்ளதான் இருக்கு, ஆப் கிட்ட இருக்கற சர்வர தானா எடுத்துக்கும். சர்வர மாத்தி சிங்கப்பூர்ல வெச்சு போட்டு பாருங்க, அதுவும் 9 மணிக்கு, அப்ப தெரியும் நெலம. அந்த ஸ்க்ரீன்ஷாட்ட அனுப்பினா "அது எங்க கன்ட்ரோல்ல இல்ல மேடம்"னு வரும்.

என் முதல் சந்தேகம், இவங்க வேணும்னே சில சைட்ட அமுக்கறாங்களோன்னு. அத கண்டுபுடிக்க வீஹி (Wehe)ன்னு ஒரு ஆப் இருக்கு, போஸ்டன்ல இருக்கற நார்த்ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டிகாரங்க பண்ணது. அது என்ன பண்ணும்னா, ஒரு வீடியோ ஆப்போட ட்ராஃபிக்க அப்படியே ஒரு தடவ ஓட்டும், அதையே உள்ள என்ன இருக்குன்னு கண்டுபுடிக்க முடியாத மாதிரி கலச்சு இன்னொரு தடவ ஓட்டும். கம்பெனி பேர பாத்து அமுக்கினா ரெண்டுக்கும் ஸ்பீடு வித்தியாசப்படும். எங்க லைன்ல வித்தியாசமே வரல. அந்த வகைல கம்பெனிய நான் திட்ட முடியாது, ஆள் பாத்து அடிக்கல.

அப்ப என்னதான் நடக்குது? இத எனக்கு புரியற மாதிரி சொன்னது அந்த தங்கவயல் தம்பிதான். யூடியூப் வீடியோவுக்கும் நெட்ஃப்ளிக்ஸுக்கும் அந்தந்த கம்பெனிக்காரங்களே கேஷ் (cache) சர்வர், அதாவது நெறய பேர் பாக்கற வீடியோவ காப்பி எடுத்து வெச்சுக்கற சர்வர் குடுக்கறாங்க, ட்ராஃபிக் போதுமான அளவு இருந்தா காசே வாங்காம குடுப்பாங்க, அத நெட் கம்பெனி தன் இடத்துலயோ பக்கத்துலயோ வெச்சுக்கும். அத்தையோட சீரியல் வெளியூர்ல இருந்தே வரல, பக்கத்து ஏரியால இருந்து வருது. வெளிய போற ட்ராஃபிக்குக்குதான் நெட் கம்பெனி பெரிய கம்பெனிகிட்ட பேண்ட்வித் காசு குடுத்து வாங்கணும். எத்தன வீட்டுக்கு எவ்ளோ வாங்கறதுங்கறதுலதான் லாபமே இருக்கு. மத்தியானம் பத்தும், ராத்திரி எல்லாரும் வீட்டுக்கு வந்தப்புறம் பத்தாது. ஹைவே முழுக்க அகலமா போட்டுட்டு, எப்பவும் வண்டி நிக்கற நம்ம டின் ஃபேக்டரி ஜங்ஷன அப்படியே விட்ட கதைதான். ஊருக்குள்ளயே சுத்தறவனுக்கு ஒண்ணும் தெரியாது, தாண்டி போறவன் மாட்டுவான்.

இதுக்கு நெட் நியூட்ராலிட்டி சட்டம், அதாவது எல்லா சைட்டயும் நெட் கம்பெனி ஒரே மாதிரி நடத்தணும்ங்கற சட்டம், என்ன சொல்லுதுன்னு தேட ஆரம்பிச்சேன், ரிவ்யூ இவ்ளோ நீளமா போனதுக்கு அதுதான் காரணம், ஸ்டார் மட்டும் வேணும்னா கடைசிக்கு போயிடுங்க.

இந்தியால ரூல் இருக்கு, சும்மா சொல்லக்கூடாது, நல்ல ரூல். 2014 டிசம்பர்ல ஏர்டெல் இன்டர்நெட் காலுக்கு தனி டேட்டா ரேட்டுன்னு அறிவிச்சு, ஜனங்க கத்தினதும் சில நாள்லயே வாபஸ் வாங்கினாங்க, ஞாபகம் இருக்கா? 2015 மார்ச்ல, டெலிகாம் கம்பெனிகள கண்காணிக்கற ட்ராய் ஜனங்ககிட்ட கருத்து கேட்டு ஒரு கன்சல்டேஷன் பேப்பர் விட்டுச்சு, வாட்ஸாப் ஸ்கைப் மாதிரி ஆப்புக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமா, நெட் கம்பெனி ஆப்புக்கு ஆப் வேற ரேட் வெக்கலாமானு. பத்து லட்சத்துக்கு மேல ஈமெயில் போச்சு. நான் அப்ப வேலைக்கு சேந்த புதுசு, எங்க டீம்ல ஆளாளுக்கு அனுப்பிட்டு மதிய சாப்பாட்டுல அதத்தான் பேசினோம். நடுவுல ஏர்டெல் ஜீரோனு ஒண்ணு வந்துச்சு, ஆப் கம்பெனி காசு கட்டும் நமக்கு டேட்டா ஃப்ரீ. ஃப்ளிப்கார்ட் சேர்றதா இருந்து, ஜனங்க ஆப்புக்கு ஒத்த ஸ்டார் குடுக்க ஆரம்பிச்சதும் விலகிடுச்சு. பெங்களூர்ல இருந்துட்டு இத மறக்க முடியுமா, அவங்க ஆபீஸ்ல வேலை பாத்த ஃப்ரெண்டே ஒத்த ஸ்டார் போட்டான்.

அப்புறம் ஃபேஸ்புக். இன்டர்நெட் டாட் ஆர்க்னு வந்து, ஃப்ரீ பேசிக்ஸ்னு பேர் மாத்தி, பேப்பர்ல முழு பக்க விளம்பரம், பஸ் ஸ்டாப்ல போர்டு. ஏழைங்களுக்கு ஃப்ரீ இன்டர்நெட்னு. ஆனா முழு இன்டர்நெட் இல்ல, அவங்க ஒத்துக்கற சைட் மட்டும். ஒண்ணுமே இல்லாதவனுக்கு இதாவது கெடைக்கட்டுமேன்னு அப்ப சொன்னவங்களும் இருந்தாங்க, அது மோசமான வாதம்னு நான் சொல்ல மாட்டேன். 2016 பிப்ரவரி 8 ட்ராய் முடிவு சொல்லிடுச்சு: உள்ள என்ன பாக்கறீங்கங்கறத வெச்சு டேட்டாவுக்கு வேற வேற ரேட் போடக்கூடாது, போட்டா ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம். எமர்ஜென்சிக்கு விலக்கு உண்டு. இந்தியால ஃப்ரீ பேசிக்ஸ் கடைய அந்த வாரமே சாத்திட்டாங்க.

ரேட்டுக்கு அது. ஸ்பீடுக்கு 2017 நவம்பர்ல ட்ராய் பரிந்துரை குடுத்து, 2018 ஜூலைல தொலைத்தொடர்பு துறை அத ஏத்துக்கிச்சு, அப்புறம் லைசென்ஸ்லயே சேத்துடுச்சு. நெட் கம்பெனி எந்த சைட்டயும் தடுக்கக்கூடாது, வேகத்த கொறைக்கக்கூடாது, ஒருத்தருக்கு மட்டும் வேகமா விடக்கூடாது. படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம், நேரா கம்ப்ளெயின்ட் எழுத உக்காந்துட்டேன். அடுத்த பத்தில பாத்தா, கன்டென்ட் டெலிவரி நெட்வொர்க் இதுல வராதுன்னு போட்டிருக்கு. அதாவது கேஷ் சர்வர் சமாச்சாரத்துக்கு விலக்கு. அத்தையோட சீரியல் வேகமா வர்றது சலுகை இல்லையாம், ஏற்பாடாம். பாட்டு க்ளாஸ் சைட் மெதுவா வர்றது அமுக்கறது இல்லையாம், நெரிசலாம்.

யோசிச்சா அந்த விலக்க தப்புன்னும் சொல்ல முடியல. அத்தன வீடியோவும் வெளிநாட்டுல இருந்து வந்தா எங்க தெரு மொத்தமும் நின்னுடும், கேஷ் இருக்கறதாலதான் ஆயிரம் ரூபாய்க்கு உள்ள பிளான் குடுக்க முடியுது. ஆனா பலன் என்னன்னா, சொந்தமா கேஷ் வெக்கற அளவுக்கோ காசு குடுத்து வாடகைக்கு எடுக்கற அளவுக்கோ வசதி உள்ளவனுக்கு ராத்திரி 9 மணியும் காலை 9 மணியும் ஒண்ணு. அந்த சின்ன சைட்காரனுக்கு இல்ல. சட்டம் மீறாமலே ரெண்டு வரிசை உருவாயிடுச்சு. சட்டத்துல "பாரபட்சம்"ங்கறதுக்கு கம்பெனி ஏதாவது செஞ்சிருக்கணும், இங்க கம்பெனி செய்யாம விட்டதுதான் விஷயமே, பேண்ட்வித் வாங்காம விட்டுது.

இந்த மாதிரி செய்யாம விடறதுக்கு மருந்து, வேற கம்பெனிக்கு மாறிடறது. அங்கதான் நம்ம பில்டிங் செக்ரட்டரி அங்கிள் வர்றார். வேற ஃபைபர் கேட்டு அசோசியேஷன் மீட்டிங்ல பேசினேன். அங்கிள் நல்ல மனுஷன், கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையா சொன்னார், பில்டர் காலத்துலயே அக்ரிமென்ட் போட்டாச்சும்மா, அவங்க நமக்கு லாபிலயும் ஜிம்லயும் வைஃபை ஃப்ரீயா குடுக்கறாங்க, சிசிடிவிக்கும் அவங்க லைன்தான், இன்னொருத்தர விட்டா வயர் போற ஷாஃப்ட்ல இடம் இல்ல. ஷாஃப்ட்ல இடம் இருக்கு, நான் டார்ச் அடிச்சு பாத்தேன். ஆனா ஜிம் வைஃபைய விட்டுக்குடுக்க மீட்டிங்ல யாரும் ரெடி இல்ல, அந்த ஜிம்முக்கு யாரும் போறதும் இல்ல.

பில்டிங்குக்குள்ள ஒருத்தருக்கு மட்டும்னு எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம் போடறத தடுக்கணும், போட்டா லைசென்ஸ் மீறலா எடுத்துக்கணும்னு ட்ராய் 2017 ஜனவரிலயே பரிந்துரை பண்ணியிருக்கு. 2024 அக்டோபர்ல பில்டிங்குகளுக்கு நெட் வசதி எப்படின்னு ஸ்டார் ரேட்டிங் குடுக்கற விதிமுறையும் கொண்டு வந்துச்சு. பேப்பர நான் பிரிண்ட் எடுத்துட்டு போய் அங்கிள்கிட்ட குடுத்தேன். "படிக்கிறேன்மா"ன்னு வாங்கி வெச்சிருக்கார்.

இப்ப என் சித்தி பையன் கதை. ஒஹாயோல சின்சினாட்டி பக்கம் இருக்கான், அவனுக்கு கவர்மென்ட்னாலே அலர்ஜி. "அக்கா, ரூல் போட்டா எவன் வயர் போடுவான், போட்டி வரணும், கவர்மென்ட் கைய வெச்சா நாசம்"பான். அவன் ஊர் கதைய பாத்தா இன்னும் தலைசுத்தும். 2007ல காம்காஸ்ட்ங்கற நெட் கம்பெனி, ஜனங்க ஃபைல் பகிர்ற பிட்டொரன்ட் ட்ராஃபிக்க அமுக்கி மாட்டுச்சு. அங்க ட்ராய் மாதிரி இருக்கற எஃப்சிசி கண்டிச்சா, உனக்கு அந்த அதிகாரமே இல்லன்னு 2010ல கோர்ட் சொல்லிடுச்சு. 2015 பிப்ரவரில ஒபாமா காலத்துல நெட்ட டெலிஃபோன் மாதிரி பொது சேவைனு வகைப்படுத்தி கடுமையா ரூல் போட்டாங்க. 2017 டிசம்பர்ல அஜித் பை எஃப்சிசி தலைவரா இருந்தப்ப அத எடுத்துட்டாங்க. அப்ப கருத்து கேட்டப்ப வந்த 2 கோடி சொச்சம் கமென்ட்ல கிட்டத்தட்ட 1.8 கோடி போலின்னு அப்புறம் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் கண்டுபுடிச்சாங்க, நம்ம ஊர் கள்ள ஓட்டெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. 2024 ஏப்ரல்ல திரும்ப ரூல் வந்துச்சு. 2025 ஜனவரி 2, இவன் ஊர்லயே இருக்கற ஆறாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் அதயும் தூக்கி போட்டுடுச்சு. இப்ப கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்க தனியா வெச்சிருக்கற சட்டம்தான் மிச்சம்.

"பாத்தியா, ரூல் போயும் இங்க நெட் ஓடுதே"ங்கறான். ஓடுது, ஒத்துக்கறேன். ஆனா 2018ல கலிஃபோர்னியா காட்டுத்தீ அணைக்க போன சான்டா க்ளாரா ஃபயர் டிபார்ட்மென்டோட டேட்டாவ மொபைல் கம்பெனி வெரைசன் லிமிட் தாண்டிடுச்சுன்னு கொறச்சுடுச்சு, தீ எரிஞ்சுட்டு இருக்கறப்ப அவங்க பிளான் மாத்த ஃபோன்ல பேசிட்டு இருந்தாங்க. அது கண்டிப்பா நெட் நியூட்ராலிட்டி மீறலானு வக்கீலுங்க இன்னும் அடிச்சுக்கறாங்க, வெரைசன் கஸ்டமர் சப்போர்ட் தப்புன்னு சொல்லி கழண்டுகிச்சு. எனக்கு அதுல தோணறது, கேக்க ஒரு இடம் இல்லன்னா என்ன ஆகும்ங்கறதுதான். அவன்கிட்ட அவன் தெருவுல எத்தன கம்பெனி வயர் இருக்குன்னு கேட்டேன். ஒண்ணாம். அப்புறம் என்னடா போட்டி.

ஆனா அவன் சொல்றதுல ஒண்ணு என்னால தள்ள முடியல. கவர்மென்ட்ட காவலுக்கு வெச்சா அதே கவர்மென்ட் கைலதான் ஸ்விட்சும் இருக்கு. நெட் கம்பெனி சைட்ட தடுக்கக்கூடாதுன்னு ரூல் போட்ட அதே நாட்டுல, தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 69ஏ பிரிவுல கவர்மென்ட் தடுக்க சொன்னா கம்பெனி தடுத்தே ஆகணும், அந்த ஆர்டர ரகசியமா வெக்கணும்னு 2009 விதில 16ஆவது விதி. 2014 கடைசில, சாஃப்ட்வேர்காரங்க கோடு வெக்கற கிட்ஹப் சைட்டயே தடுத்தாங்க, 32 சைட் லிஸ்ட்ல அதுவும் ஒண்ணு, புது வருஷத்துக்கு இந்த ஊர்ல பாதி பேர் வேலையே பாக்க முடியல, பாதி பேருக்கு அதுவே நல்ல சாக்கு. 2022ல வீடியோ பாக்கற விஎல்சி ப்ளேயரோட சைட் பல கம்பெனில தொறக்கல, ஏன்னு யாரும் சொல்லல, வக்கீல் நோட்டீஸ் போனப்புறம் நவம்பர்ல தொறந்துச்சு. எங்க லைன்லயும் அப்பப்ப இது நடக்கும், ஒரு சைட் வீட்ல தொறக்காது மொபைல் டேட்டால தொறக்கும், கஸ்டமர் கேர்ல கேட்டா "மேலிடத்து ஆர்டர்"ம்பாங்க. எந்த மேலிடம், கோர்ட்டா கவர்மென்ட்டா இல்ல சைட் பேர வெச்சு அட்ரஸ் தேடற அவங்க டிஎன்எஸ் சர்வர் கோளாறா, தெரிஞ்சுக்க வழியே இல்ல.

நெட்டயே மொத்தமா அணைக்கறதும் இருக்கு. 2017ல டெலிகிராஃப் சட்டத்துல விதி, இப்ப 2023 டெலிகம்யூனிகேஷன்ஸ் சட்டத்துக்கு கீழ 2024ல புது விதி. காஷ்மீர் வழக்குல 2020 ஜனவரி 10 சுப்ரீம் கோர்ட், காலவரையில்லாம நெட்ட நிறுத்த முடியாது, ஆர்டர வெளியிடணும்னு சொல்லுச்சு. அப்புறமும் பரீட்சைல காப்பி அடிக்கறத தடுக்கன்னு ராஜஸ்தான்ல நெட்ட நிறுத்தினாங்க. அதனால நியூட்ராலிட்டி ரூல் வேணும்னு சொல்றவங்க "கவர்மென்ட் வந்து இன்டர்நெட்ட பாத்துக்கட்டும்"னு சொல்ற மாதிரி எனக்கு யாரும் எழுத வேண்டாம். கம்பெனிய கட்டிப்போடற ரூல் ஒரு ஜாதி, ஜனங்கள கட்டிப்போடற ரூல் வேற ஜாதி. சித்தி பையன் ரெண்டையும் ஒரே மூட்டைல போட்டு எறியறான், இங்க கவர்மென்ட் ரெண்டையும் ஒரே மூட்டைல போட்டு நம்ம தலைல வெக்குது.

இன்னொரு கூத்து. செல்ஃபோன் கம்பெனிங்க சங்கம் சில வருஷமா கேக்கறது, யூடியூப் நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ட்ராஃபிக் ஜாஸ்தி ஆக்கறவங்க எங்க நெட்வொர்க் செலவுல பங்கு குடுக்கணும்னு. நியாயம் மாதிரிதான் கேக்குது. ஆனா அந்த ட்ராஃபிக்குக்கு அத்தைதான் ஏற்கனவே மாசம் காசு கட்டறாங்களே, ஒரே இட்லிக்கு சாப்பிடறவன்கிட்டயும் மாவு ஆட்டறவன்கிட்டயும் பில் போடுவாங்களா. தென்கொரியால இந்த மாதிரி அனுப்பறவன் காசு கட்டற முறை இருக்கு, கேம் ஆடறத லைவா காட்டற ட்விட்ச் சைட் கட்டுப்படி ஆகலன்னு 2024 பிப்ரவரில கொரியாவ விட்டே போயிடுச்சு. பெரிய கம்பெனி கட்டிட்டு போயிடும், எங்க பாட்டு க்ளாஸ் சைட் மாதிரி ஆளுங்க எங்க போவாங்க. அப்ப ராத்திரி 9 மணி மட்டும் இல்ல, நாள் பூரா ரெண்டு வரிசைதான்.

சரி, ரிவ்யூவுக்கு வர்றேன். இந்த பிளான்ல ஓடிடி சேத்து குடுக்கறாங்களே அது நியூட்ராலிட்டி மீறலானு எங்க வாட்ஸாப் க்ரூப்ல ஒருத்தர் சண்டைக்கு வந்தார். இல்ல. சப்ஸ்க்ரிப்ஷன் கூட வெச்சு விக்கலாம், அந்த ஆப்ல பாத்தா டேட்டா கணக்குல வராதுன்னு சொன்னாதான் தப்பு. எங்க கம்பெனி அப்படி சொல்லல. ஆனா சேத்து குடுக்கற ஓடிடில பாதி நீங்க கேள்வியே பட்டிருக்க மாட்டீங்க, அதுக்காக மேல 200 ரூபாய் குடுத்து பெரிய பிளான் எடுக்காதீங்க.

கம்ப்ளெயின்ட் எப்படி பண்றதுன்னு கேப்பீங்க. ட்ராய்க்கு நேரா எழுதினா தனி ஆள் புகார அவங்க விசாரிக்கறது இல்ல, கம்பெனிக்குதான் திருப்பி விடுவாங்க. முதல்ல கம்பெனில பேசி டாக்கெட் நம்பர் (புகார் நம்பர்) வாங்கணும், வாட்ஸாப்ல வர்ற "ஓகே மேடம்" எல்லாம் கணக்குல வராது. அதுல தீரலன்னா அதே கம்பெனில மேல்முறையீட்ட பாக்க அப்பெல்லேட் அதாரிட்டினு ஒண்ணு இருக்கணும், அங்க எழுதணும். எங்க கம்பெனி வெப்சைட்ல அந்த ஈமெயில கண்டுபுடிக்கறதே ஒரு வேலை, கீழ கோடில வெளிர் சாம்பல் கலர்ல வெச்சிருக்காங்க. அதுக்கும் மேல கன்ஸ்யூமர் கோர்ட். டெலிகாம் விவகாரம் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு வராதுன்னு கம்பெனிங்க வாதாடிட்டு இருந்தாங்க, 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் வரலாம்னு தெளிவா சொல்லிடுச்சு. நான் அப்பெல்லேட் வரைக்கும் போனேன். "அப்ஸ்ட்ரீம் கெப்பாசிட்டி அதிகப்படுத்தறோம்"னு, அதாவது வெளிய போற பேண்ட்வித் கூட வாங்கறோம்னு பதில் வந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப எதிர்ல புது அபார்ட்மென்ட் டவர்ல ஆளுங்க குடி வந்ததும் பழைய குருடி கதவ தெறடி. எழுதினா அசையறாங்க, அதனால எழுதுங்க, எங்க மாடில மத்தவங்க யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

யாருக்கு இந்த கனெக்‌ஷன் போதும்னா: வீட்ல பாக்கறது யூடியூப், பெரிய ஓடிடி, வாட்ஸாப் கால், பகல்ல ஆபீஸ் மீட்டிங். இதுக்கெல்லாம் அருமை, யோசிக்காம எடுங்க, 200 கூட வேண்டாம் 100 போதும், ராத்திரி நெரிசல்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் நிக்கும். அமெரிக்கா டைம்ல வேலை பாக்கறவங்க, வெளிநாட்டு சர்வர்ல கேம் ஆடற பசங்க, சின்ன சைட்ல க்ளாஸ் எடுக்கற டீச்சருங்க, இவங்க மட்டும் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ராத்திரி 9 மணிக்கு மேல அந்த பில்டிங்ல தெரிஞ்சவங்க வீட்ல உக்காந்து பாத்துட்டு எடுங்க. நாங்க இப்ப க்ளாஸ் நேரத்துக்கு மட்டும் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுக்கறோம், அதுக்கு தனியா ரீசார்ஜ்.

மார்க்: வயர் போடற வேலைக்கு 5, ரிப்பேருக்கு 4, பகல் ஸ்பீடுக்கு 4, ராத்திரிக்கு 2, கஸ்டமர் கேருக்கு 1. மொத்தமா 3 ஸ்டார் குடுக்கறேன், அதுல அரை ஸ்டார் தங்கவயல் தம்பிக்காக.

ஆறு மாசம் மொத்தமா கட்டினா ஒரு மாசம் ஃப்ரீன்னு ஆசை காட்டுவாங்க, கட்டாதீங்க, மாசா மாசம் கட்டுங்க. டப்பாவுக்கு டெபாசிட் வாங்கினா ரசீது கேட்டு வாங்கிடுங்க, காலி பண்றப்ப அது இல்லாம ஒரு பைசா திரும்ப வராது.